எழுதாமல் விட்ட பதில்

எங்கள் ஊர் அல்டன்லோவில் கொஞ்சம் வசதியுள்ள எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வேதாகமத்துக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய புத்தகம் இருக்கும். டாக்டர் வாலன்டின் ரோடமானின் அடக்க ஆராதனையில் போதகர் செய்த பிரசங்கமும், அதன் முடிவில் வாசித்த வாழ்க்கைக் குறிப்பும் அதில் அச்சாகியிருக்கின்றன. சுற்றிலும் கறுப்புக் கரை, முப்பத்திரண்டு பக்கம். சட்டம் படித்த டாக்டர், இருபத்தெட்டு வருஷம் மேயர். அவருக்கு இதுகூடச் செய்யாவிட்டால் ஊருக்கு என்ன மரியாதை? அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான், நகர மன்றத்தின் எழுத்தர் கோட்ஷால்க். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

தோல் பதனிடுகிறவரின் மகனாக ஆற்றங்கரை நாற்றத்தில் பிறந்து, லத்தீன் படித்து, டாக்டர் பட்டத்தோடு திரும்பி வந்தார் என்று குறிப்பில் இருக்கிறது. உண்மை. திரும்பி வந்த பிறகு ஆற்றங்கரைப் பக்கமே அவர் போனதில்லை என்பது இல்லை. வாரநாளிலும் கஞ்சி போட்ட வெள்ளைக் கழுத்துப்பட்டையோடுதான் இருப்பார். தலையைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பையே திருப்புவார். யார் எதைச் சொல்ல வந்தாலும், "எழுதிக் குடு" என்பதுதான் முதல் வார்த்தை. பன்றி காணாமல் போனாலும் எழுதிக் கொடுக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் எச்சில் துப்பினாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் மனைவி ஒட்டிலி நல்ல வாயாடி. என் எதிரிலேயே அவரைக் கிண்டல் செய்வாள்.

"பசிக்குதுன்னா எங்கிட்டயும் எழுதிக் குடுங்க. படிச்சுப் பாத்துட்டு சூப் ஊத்துறதா வேணாமான்னு சொல்றேன்."

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த அம்மாளோடு பேசும்போதுதான்.

1631இல் அவர் மேயரானார். அந்த வருஷம் ஜூன் பன்னிரண்டாம் தேதி ஒட்டிலிக்குப் பிரசவ வலி எடுத்தது. விடியும்போதே மருத்துவச்சி அப்பொலோனியா வந்துவிட்டாள். நாற்பது வயது விதவை, பெரிய கைகள், அதைவிடப் பெரிய குரல். ஊரில் பாதிப்பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தவள். வழக்கம்போல அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் மாடியறையில் கூடிவிட்டார்கள். கீழே மேயர் ஒரு எல்லைத் தகராறு வழக்கை விரித்து வைத்துக்கொண்டு என்னை உட்கார வைத்திருந்தார். ஒரு வரிகூட நகரவில்லை. நண்பகல் மணி அடிக்கும்போது அப்பொலோனியா கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"ஐயா, புள்ளைக்குக் கால் முதல்ல வருது. ஒண்ணு ஜெபம் பண்ணுங்க, இல்ல வெறகு கொண்டாங்க. சும்மா காகிதத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க."

மேயர் எழுந்து போய் விறகு கொண்டுவந்தார். நானும் தூக்கினேன். அவள் மாடியேறிய சற்று நேரத்தில் வானம் கறுத்தது, ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. புறா முட்டை அளவு. ஜன்னல் கண்ணாடி நொறுங்கி அறைக்குள் விழுந்தபோது அப்பொலோனியா இறகு மெத்தையைத் தாயின் மேல் போட்டுத் தன் முதுகை ஜன்னலுக்குக் கொடுத்துக்கொண்டு பிள்ளையை எடுத்தாளாம். பெண் குழந்தை. கொர்டூலா என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய ஞானத்தகப்பன் நான்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு ஒட்டிலி இறந்துபோனாள். அதன்பிறகு அந்த வீட்டில் கிண்டலும் இல்லை, சிரிப்பும் இல்லை.

அந்த ஆலங்கட்டியில் கதிர் பிடித்திருந்த வாற்கோதுமை முழுக்க மண்ணோடு மண்ணாகிவிட்டது. பசி வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊர் பழிபோட ஆளைத் தேடத் தொடங்கியது. ஆகஸ்டில் மாவு ஆலைக்காரனும் அவன் மச்சினனும் நகர மன்றத்துக்கு வந்தார்கள். ஜூன் பன்னிரண்டு நண்பகலில் அப்பொலோனியா ஆலைக் குளத்தங்கரையில் நின்று குச்சியால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தோம், அதற்குப் பிறகுதான் ஆலங்கட்டி விழுந்தது என்றார்கள். சூனியக்காரிகள் அப்படித் தண்ணீரை அடித்துத்தான் ஆலங்கட்டியை வரவழைப்பார்கள் என்பது ஊர் நம்பிக்கை. மேயர் "எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தார்கள்.

அப்போதே அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று அந்த நேரத்தில் அவள் என் வீட்டில் விறகு கேட்டுக்கொண்டிருந்தாள் என்று. ஏன் சொல்லவில்லை என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இம்மாதிரி வழக்குகளில் மேயரே நீதிபதியாக இருக்கும் எங்கள் ஊர் நீதிமன்றம் தானாகத் தீர்ப்புச் சொல்லாது. விசாரித்து, எழுதி, கட்டாகக் கட்டிப் பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியர்களுக்கு அனுப்பும். அந்த மனுஷியின் முகத்தைப் பார்க்காதவர்கள், குரலைக் கேட்காதவர்கள், காகிதத்தைப் படித்துவிட்டு எழுதி அனுப்புவதுதான் தீர்ப்பு. முகம் பார்க்காதவன்தான் நியாயமாகத் தீர்ப்புச் சொல்வான் என்பது அவர்களுடைய எண்ணம். மேயரும் அவர்களிடம் படித்தவர்தானே.

"ரெண்டு குடிகாரனுங்க சாட்சி. படிச்சவங்க கண்ணுல பட்டா சிரிச்சிட்டுத் திருப்பி அனுப்பிருவாங்க, பாரேன்" என்றார் என்னிடம்.

நாற்பத்தொரு கேள்விகளை அவரே தயாரித்தார். விசாரணை நாளில் அப்பொலோனியாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இரண்டு வாரச் சிறையில் இளைத்திருந்தாள், ஆனால் பயந்திருக்கவில்லை. தன் கையால் பிள்ளை எடுத்த வீட்டுக்காரர் நீதிபதியாக இருக்கும்போது என்ன பயம்? பதினேழாவது கேள்வி வந்தது.

"ஜூன் பன்னிரண்டாம் தேதி நண்பகலில் ஆலைக் குளத்துக்குப் போனாயா?"

அவள் சிரித்துவிட்டாள்.

"நான் எப்படிய்யா போவேன்? அன்னிக்குப் பூரா உங்க வீட்லல்ல கெடந்தேன்! உங்களுக்குத் தெரியாதா? இந்தா உக்காந்திருக்காரே எழுத்தரய்யா, அவரும்தான வெறகு தூக்குனாரு?"

நான் எழுதத் தொடங்கியிருந்தேன். மேயர் கையை உயர்த்தினார்.

"கோட்ஷால்க், நிறுத்து. போனியா இல்லையாங்கறதுதான் கேள்வி. எங்க இருந்தேன்னு யாரும் கேக்கல. 'மறுக்கிறாள்'னு எழுது."

தொடங்கிய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு 'மறுக்கிறாள்' என்று எழுதினேன். அப்பொலோனியா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஐயா, வெளையாடாதீங்க" என்றாள்.

அன்றைய வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனபோது, "அதையும் சேத்துரலாமே ஐயா" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை என் கணக்கில் யாராவது வரவு வைக்கட்டும். அவர் இரண்டு காரணம் சொன்னார். நீதிபதியே சாட்சியாக முடியாது, சாட்சி சொன்னால் அவர் வழக்கிலிருந்து விலக வேண்டும். விலகினால் அந்த நாற்காலியில் கசாப்புக்காரர் சங்கத் தலைவன் உட்காருவான், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமலே கொளுத்திவிடுவான். இரண்டும் சரியான காரணங்கள்தான். மூன்றாவதை அவர் சொல்லவில்லை, தொட்டிலைப் பார்த்தார். சூனியக்காரி என்று பெயர் வாங்கியவள் எடுத்த பிள்ளை, அடுத்த மூன்றாம் நாள் செத்த தாய். பக்கத்து ஊரில் போன வருஷம் மேயரின் மனைவியையே எரித்திருந்தார்கள். எனக்குப் புரிந்தது. அது என் ஞானமகளும்தானே? நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மாடியறையில் இருந்த பெண்களை யாரும் கூப்பிடவில்லை. நாற்பத்தொரு கேள்விகளில் அவர்களுக்கென்று ஒரு கேள்வியும் இல்லை. கூப்பிடாத இடத்துக்குத் தாமாகப் போய், அவளோடு நானும் இருந்தேன் என்று சொல்ல அந்த வருஷத்தில் எவளுக்குத் துணிச்சல் வரும்?

ஐந்தாவது வாரம் பதில் வந்தது. சிவப்பு அரக்கு முத்திரை, உள்ளே எட்டே வரி. இரண்டு சாட்சிகளும் ஒன்றுபோல் சொல்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவள் வெறுமனே மறுக்கிறாள், அந்த வேளையில் வேறிடத்தில் இருந்ததாகச் சொல்லவும் இல்லை. ஆகவே வதைத்து விசாரிக்கலாம். மேயர் நின்றபடி படித்தார், உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார், காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நாம அனுப்பினத விட்டுட்டு வேற எதையோ படிச்சிருக்காங்களா?"

"இல்லய்யா. நாம அனுப்பினதத்தான் படிச்சிருக்காங்க."

அவரிடம் நான் உறைக்கிற மாதிரி பேசியது அந்த ஒரு தடவைதான்.

வதையில் அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். குளத்துக்குப் போனேன் என்றாள், குச்சி எங்கே வெட்டினேன் என்றுகூடச் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என் கை ஓடவில்லை. அக்டோபரில் கோட்டை மேல்வாசலுக்கு வெளியே எரித்தார்கள். தீர்ப்பு வாசித்ததும், இனி உயிர் மிஞ்சாது என்பதற்கு அடையாளமாக நீதிபதி ஒரு வெள்ளைக் கோலை முறித்துக் கைதியின் காலடியில் போட வேண்டும். முதல் தடவை அவர் கைக்கு அது முறியவில்லை. முழங்காலில் வைத்து முறித்தார். கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

அதன்பிறகு அவர் காலத்தில் எங்கள் ஊரில் யாரையும் எரிக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆறேழு தடவை ஆட்கள் குற்றம் சுமத்த வந்தார்கள். எழுதிக் கொடு, இன்னும் விவரமாக எழுதிக் கொடு, சாட்சிக்குச் சாட்சி கொண்டுவா என்று அலைய வைத்து அலைய வைத்தே ஓட்டிவிட்டார். ஸ்வீடன் படை கோட்டை வாசலுக்கு வந்தபோது மூன்று மணி நேரம் தளபதியோடு வாதாடி ஊரைக் காப்பாற்றினார். நல்ல மேயர் என்றால் நல்ல மேயர்தான். ஒருத்தியைக் கொளுத்திவிட்டுக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்பொலோனியாவுக்கு ஒரு மகள், சிபில்லா. தாய் எரிந்தபோது ஆறு வயது. அநாதை இல்லத்தில் வளர்ந்து, ஊர்த் துணிகளைத் துவைக்கிறவளானாள். தாயின் குரல் அப்படியே அவளுக்கு. பீப்பாய் செய்யும் ஜோஸ்ட் என்பவனுக்கு அவள்மேல் பிரியம். அவன் கெட்டிக்காரன், ஆனால் மற்றவர் பட்டறையில் வேலை செய்கிறவன். சொந்தப் பட்டறை வைக்கவும் கல்யாணம் செய்யவும் பீப்பாய்க்காரர் சங்கம் அனுமதிக்க வேண்டும். கட்டப்போகிறவள் மானமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவள் என்று சான்று இல்லாவிட்டால் சங்கம் சேர்க்காது. எரிக்கப்பட்டவளின் மகளுக்கு யார் சான்று தருவார்கள்? மூன்று வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு சிபில்லா மேயரிடம் வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"எங்கம்மா அன்னிக்கு எங்க போறேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு" என்றாள்.

அவருக்கு அப்போது அறுபது வயது. கழுத்துப்பட்டைக்குள் கழுத்து சிறுத்துப் போயிருந்தது. உடம்பையே அவள் பக்கம் திருப்பினார்.

"என் அடக்க ஆராதனையில வாசிக்க வேண்டிய குறிப்ப நானே எழுதி வச்சிருக்கேன்மா. அதுல உங்கம்மா இருக்கா. அவ குற்றமத்தவன்னு இருக்கு. போதகர் வாசிக்கும்போது ஊரே கேக்கும்."

"அதுக்கு நீங்க சாகணுமே ஐயா?"

"ஆமா."

"இப்பவே சொன்னா என்னய்யா?"

பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொன்னால் நாற்காலி போகும், பெயர் போகும். செத்தவனிடமிருந்து எதைப் பிடுங்க முடியும்? கோழைத்தனத்துக்குக்கூட அவர் ஒழுங்கான நடைமுறை ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இன்னும் ஆறு வருஷம் ஓடியது. அவர் இருமும்போதெல்லாம் ஊர் கவலைப்பட்டது, ஒருத்தி மட்டும் நம்பிக்கையோடு காது கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

1659 பிப்ரவரியில் மேயர் இறந்தார். மறுநாள் கொர்டூலா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். இருபத்தேழு வயது, மூன்று பிள்ளைகள், கணவர் மன்ற உறுப்பினர். போதகரும் அங்கே இருந்தார். அப்பாவின் கையெழுத்துக் குறிப்பு அவள் மடியில் கிடந்தது.

"மாமா, இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"இத வாசிச்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? என்னைய எடுத்த கை எரிஞ்ச கைன்னு எம் புள்ளைங்களப் பாத்து ஊரு பேசும்."

"அவ குற்றமத்தவன்னுதானம்மா அப்பா எழுதியிருக்காரு."

"பல்கலைக்கழகம் வேற மாதிரில்ல எழுதிச்சு? சாகற காலத்துல புத்தி தடுமாறிப் போச்சும்பாங்க. இல்ல, அப்பாவக் கொலகாரன்ம்பாங்க. இவரு அடுத்த மாசம் மேயராகப் போறாரு, மாமா. எங்களத் தெருவுல நிறுத்திடாதீங்க."

நான் போதகரைப் பார்த்தேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு, "பாவ அறிக்கை தேவனுக்குத்தானே? இப்ப அவர் அங்கதான போய்ச் சேந்திருக்காரு, நேர்லயே சொல்லிக்குவாரு" என்றார். கொர்டூலா எழுந்து போய் அந்தத் தாளை அடுப்புக்குள் போட்டாள். எரியும்வரை நின்று பார்த்தாள். பிறகு, குறிப்பை நான் புதிதாக எழுதித் தர வேண்டும் என்றாள். எழுதினேன். அந்த இடத்தில், 'கடினமான வழக்குகளைச் சட்ட அறிஞர்களின் ஆலோசனைப்படி நடத்தினார்' என்று போட்டேன். அதிலும் பொய் இல்லை, பாருங்கள்.

அடக்க ஆராதனைக்கு ஊரே வந்தது. சிபில்லா யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புத் தொப்பியோடு கடைசியில் நின்றாள், பக்கத்தில் ஜோஸ்ட். போதகர் 1631 என்றதும் அவள் அவன் கையைப் பிடித்தாள். கடினமான வழக்குகள் என்றார், அடுத்த வரியில் ஸ்வீடன் படை வந்துவிட்டது. அவள் கையை விடவில்லை. கடைசியில் வரும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. ஆமென் சொல்லி எல்லோரும் எழுந்த பிறகும் அவள் பிரசங்க பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே சுவரோரம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கய்யா அது?"

"எரிச்சிட்டாங்கம்மா."

"அதையுமா?" என்றாள். பிறகு சொன்னாள், "இருபத்தஞ்சாம் தேதி சங்கம் கூடுது. ஜோஸ்ட் மனு குடுத்திருக்கான். நீங்க வந்து வாயால சொன்னாப் போதும்யா. நீங்களும் வெறகு தூக்குனவருதான?"

வருகிறேன் என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை சங்கத்தின் மூத்தவர் லுடோல்ஃபின் பட்டறைக்குப் போனேன். அவர் பீப்பாய்க்கு வளையம் அடித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் தொண்டையில் கிடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் சுத்தியலைக் கீழே வைக்கவேயில்லை.

"இதச் சொல்லவா வந்தீரு? எங்கம்மாதான்யா அன்னிக்கு மாடிக்கு வெந்நி தூக்குனா. இந்த ஊர்ல யாருக்கு ஓய் தெரியாது?"

நான் கேட்டேன்: "அப்புறம் ஏன் அந்தப் பொண்ணச் சேக்கல?"

"தெரிஞ்சா? அரக்கு முத்திரை போட்ட காகிதம் ஒண்ணு அவளுக்கு எதிரா இருக்கே. அத அடிக்க எங்களுக்கும் ஒரு காகிதம் வேணும். அன்னிக்கு அவ சொன்ன பதில நான் எழுதாம விட்டேன்னு உம்ம கையாலயே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும். நாளைக்கே ஜோஸ்டைச் சேத்துக்கறோம். தங்கமான வேலைக்காரன் அவன், எங்களுக்கு மட்டும் ஆசையில்லையா?"

வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து வைத்தேன். தேதி எழுதினேன், பெயர் எழுதினேன். எங்கள் நாட்டில் எழுத்தர் வேலைக்குச் சேரும்போது வலது கையின் இரண்டு விரலை உயர்த்தி, கேட்டதைக் கேட்டபடி எழுதுவேன் என்று ஆணையிட வேண்டும். ஆணையை மீறியதாக ஒப்புக்கொண்டவனுக்கு அந்த இரண்டு விரலையும் கட்டையில் வைத்து வெட்டுவார்கள். நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சத்தத்தையும் கேட்டிருக்கிறேன். மறுநாள் காலை, எனக்குக் காய்ச்சல், வர முடியாது என்று ஆள் அனுப்பினேன்.

ஜோஸ்டின் மனு தள்ளுபடியானது. சங்கத்தின் முடிவுகளை நகரப் பதிவேட்டில் ஏற்றுவது எழுத்தர் வேலை, அதையும் நானே ஏற்றினேன். நாற்பதை நெருங்கியவன் இனி எவ்வளவு காலம் காத்திருப்பான்? அந்த வருஷக் கடைசியில் ஒரு பட்டறைக்காரரின் விதவையைக் கட்டிக்கொண்டான். பட்டறை கிடைத்தது. அவன் இப்போது சிபில்லாவை எதிரில் பார்த்தால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போகிறான்.

எனக்கு எழுபத்தொன்று ஆகிவிட்டது. வேலை இல்லை, மனைவி இல்லை, விரலை வெட்டுவேன் என்று மிரட்ட ஆளில்லை. இனி நான் எழுதி எந்தக் கல்யாணமும் நடக்கப் போவதில்லை என்பதால்தான் எனக்கு இவ்வளவு தைரியம். விரல்கள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. இதை அவற்றால்தான் எழுதுகிறேன்.

சிபில்லா இன்றும் சனிக்கிழமைதோறும் அழுக்குத் துணி வாங்க வருகிறாள். போன வாரம் என் சட்டையைப் பிரித்துக் கையோரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரே மையா இருக்கேய்யா. ஏதாச்சும் எழுதுறீங்களா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.